வலப்பக்க ஜன்னலும் வல்லூறும்

மீராமுகைதீன் மாவடிப்பள்ளியில் ஓர் அரிசி ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவர். நெல்லை அவிப்பதும் காயப்போடுவதும் அவருடைய பொறுப்பு. அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்பியதும் குருவிகளும் புறாக்களும் கூட்டமாக இறங்கும். நீளமான ஒரு கம்பின் நுனியில் கறுப்புப் பொலித்தீனைக் கட்டிக்கொண்டு, வெயிலில் நின்று அவற்றைக் கலைப்பதும் அவர்தான். உமித்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடாமல் பிடித்தபோது, ஐம்பத்தொன்பதாவது வயதில் ஆலையை விட்டு நின்றார். அதற்குப் பிறகு சாய்ந்தமருதில், மகள் வீட்டின் பின்னறையில், மனைவி ஜெனூபாவோடு இருந்தார்.

அது அவர் கட்டிய வீடுதான். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் அவள் பேரில் எழுதிவிடுவார்கள். தாயும் தகப்பனும் பின்பக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். மகள் நஜ்லா ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. அவளுடைய கணவன் இஹ்ஸானுக்குக் கட்டாரில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவான். ஆகவே வீட்டில் இருந்தது மூன்று பேர். அந்த மூவரில் கதைத்தது ஜெனூபா ஒருத்திதான்.

அவள் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டோடு கதைப்பாள். ஒழுங்கையில் மீன் கொண்டு வருபவனை நிறுத்தி, கடல் எப்படி, அவன் பெண்சாதிக்குக் கால் வீக்கம் குறைந்ததா என்றெல்லாம் விசாரிப்பாள். யாரும் இல்லாவிட்டால் கோழிகளோடு கதைப்பாள். மீராமுகைதீன் பெரிதாக வாய் திறக்காத மனிதர். அவள் சொல்லச் சொல்ல அவர் சும்மா இருப்பார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் அப்படியே நல்லபடியாகப் போனது.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு காலை, துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் ஈரத்துணியோடு நிலத்தில் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது வலக்கையும் வலக்காலும் அவளுடையதாக இல்லை. பேச்சும் இல்லை. ‘அ... அ...’ என்று ஒரு சத்தம் மட்டும் இருந்தது. அந்த ஒரே சத்தத்தைத் தண்ணீருக்கும், நோவுக்கும், கோபத்துக்கும் வைத்துக்கொண்டாள்.

கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண், கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டு மீராமுகைதீனை வெளியே கூப்பிட்டாள்.

“வாப்பா, இவ வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்கிறா, கவனிச்சீங்களா? தட்டுல சோறு வெச்சாலும் இடப்பக்கச் சோத்தத்தான் பாக்கிறா. வலப்பக்கம் ஒண்டு இரிக்கிறதயே மறந்துட்டா. நீங்க அந்தப் பக்கமா நிண்டு கதைக்கணும். அவ ஆசப்பட்டுப் பாக்கிற மாதிரி ஏதாவது அந்தப் பக்கம் இரிக்கணும்.”

“நான் கதைக்கிறது குறைவு மகள்,” என்றார் அவர், குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல.

“அப்ப வேற ஏதாவது யோசிங்க.”

அவர் யோசித்தார். கட்டிலின் வலப்பக்கம் ஒரு ஜன்னல். வெளியே சிறிய முற்றம், ஒரு கொய்யா மரம், அதற்கப்பால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் கட்டாத வெறும் வளவு. பெயின்ட் வாளி மூடி ஒன்றில் நாலு துளை போட்டு, கம்பி கட்டி, கொய்யாக் கொப்பில் தொங்கவிட்டார். பழைய ஆலையில் இருந்து குறுணல் அரிசி ஒரு பை வாங்கி வந்தார். ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“என்ன மீரா காக்கா, இவ்வளவு காலமும் கலைச்சீங்க, இப்ப விருந்து வைக்கிறீங்களா?”

அவருக்கும் சிரிப்பு வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் ஒரு அணில். பிறகு சிட்டுக்குருவிகள். அதற்குப் பிறகு நெல்லுக்குருவிகள் இருபது முப்பதாக வந்து, தட்டில் இடம் போதாமல் நிலத்தில் சிந்தியதையும் பொறுக்கின. மைனா வந்தது. ஒரு சோடி மணிப்புறா தினமும் காலை எட்டு மணிக்கு, வேலைக்கு வருகிறவர்கள் மாதிரி வந்தன.

ஜெனூபா முதலில் சத்தத்தைத்தான் கேட்டாள். கண் இடப்பக்கச் சுவரிலேயே நிற்க, காது மட்டும் அந்தப் பக்கம் போனது. ஒரு கிழமைக்குப் பிறகு கண் போனது. ஆவணி மாதக் கடைசியில் ஒரு நாள், மீராமுகைதீன் கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் வந்தபோது, அவள் கழுத்தை முழுதாக வலப்பக்கம் திருப்பிக் கிடந்தாள். முகம் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. அவர் கோப்பையை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். நஜ்லா ஓடி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ‘கு’ என்ற எழுத்து வந்தது. “கு... கு...” என்று இடக்கையால் ஜன்னலைக் காட்டுவாள். குருவி என்று சொல்ல நினைக்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கியது. தட்டில் அரிசி தீர்ந்துபோனாலும் அதே ‘கு’தான், அப்போது அதில் கட்டளை இருக்கும். மீராமுகைதீன் எழும்பி ஓடுவார்.

“உம்மா கொஞ்ச நாளையில பழையபடி கதைப்பா, இருந்து பாருங்க வாப்பா,” என்பாள் நஜ்லா. அவரும் அதை நம்பினார்.

மார்கழி மழை ஓய்ந்திருந்த ஒரு காலை அது வந்தது.

மீராமுகைதீன் கட்டிலோரம் இருந்து ஜெனூபாவின் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். தட்டில் மணிப்புறாக்கள் இரண்டும் இருந்தன. மதிலுக்கு மேலால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, எறிந்த கல் போலத் தாழ்வாக வந்தது. தட்டு சுழன்று ஆடியது. அரிசி சிதறியது. அவர் எழும்பிப் பார்க்கும்போது கொய்யாவின் கீழே, ஈர மண்ணில், புறாவின் மேல் ஒரு வல்லூறு நின்றது. புறாவை விடக் கொஞ்சம்தான் பெரிய பறவை. சாம்பல் முதுகு, வெள்ளை நெஞ்சில் செம்பட்டைக் கோடுகள், தணல் நிறக் கண். அது உடனே பறந்து போகவும் இல்லை. புறா இன்னும் அசைந்துகொண்டிருக்க, அதன் நெஞ்சு இறகைப் பிடுங்கத் தொடங்கியது.

ஜெனூபா கத்தினாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த மிகப் பெரிய சத்தம் அதுதான்.

அவர் வெளியே ஓடி வருவதற்குள் வல்லூறு புறாவைத் தூக்கிக்கொண்டு மதிலைத் தாண்டிவிட்டது. இறகுகள் மட்டும் கிடந்தன. அவற்றைக் கூட்டி அள்ளிவிட்டு உள்ளே வந்தார். ஜெனூபா சுவரின் பக்கம் திரும்பியிருந்தாள்.

“போயிட்டு புள்ள, இனி வராது,” என்றார்.

மறுநாளும் வந்தது. அடுத்த நாளும் வந்தது. தவறாமல் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில், வெறும் வளவின் பக்கத்திலிருந்து, மதிலை ஒட்டித் தாழ்வாக. நெல்லுக்குருவி இரண்டைக் கொண்டுபோனது. ஒரு நாள் ஒன்றும் கிடைக்காமல் ஜன்னல் விளிம்பிலேயே ஒரு நிமிஷம் இருந்து அறைக்குள் பார்த்தது. ஜெனூபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் பழைய சீடித் தட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார். ஆலையில் செய்தது போலக் கறுப்புப் பொலித்தீன் கட்டினார். கம்போடு காவல் நின்றார். அவர் நின்றால் குருவிகளும் வரவில்லை. அவர் உள்ளே போனால் வல்லூறும் வந்தது.

அடுத்த ஒழுங்கையில் விலங்கியல் படிப்பிக்கும் ஜுனைட் ஆசிரியர் இருந்தார். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார் மீராமுகைதீன்.

“அது வல்லூறுதான் காக்கா,” என்றார் ஜுனைட். “நீங்க ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, முப்பது குருவியக் கூட்டி வைக்கிறீங்க. அதுக்கு அது கடைத்தெரு மாதிரி. அதுல குத்தம் சொல்லேலாது.”

“என்ன செய்ற சேர்?”

“ஒரு மூணு கிழமைக்கு அரிசி வைக்கிறத நிப்பாட்டுங்க. குருவி கலைஞ்சு போகும். குருவி இல்லாட்டி அதுவும் வேற இடம் பாத்துப் போயிரும். புறகு கொஞ்சம் கொஞ்சமா வைங்க.”

“சரி சேர்.”

நாலு எட்டு நடந்தவரை ஜுனைட் திரும்பவும் கூப்பிட்டார். “காக்கா, வலை கிலை கட்டிராதீங்க. சின்னதுகள்தான் சிக்கிச் சாகும்.”

“ஓம் சேர்,” என்றார் மீராமுகைதீன்.

அரிசி வைப்பதை நிறுத்தினார். ஐந்து நாள் தாங்கினார். வெறும் தட்டு காற்றில் ஆடியது. ஜெனூபா “கு... கு...” என்றாள். அவர் கையை விரித்தார். “வல்லூறு போகட்டும் புள்ள, அதுமட்டும் பொறு,” என்றார். அவளுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் ‘கு’ குறைந்தது. ஐந்தாம் நாள் கழுத்து மறுபடி இடப்பக்கம் போய்விட்டது. பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்து, “ஏன் வாப்பா, நல்லா வந்துட்டு இருந்தாவே?” என்றாள். அவள் போனதும் அவர் தட்டை நிரப்பினார். மூன்று கிழமை பொறுத்திருந்தால் போதும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தார். ஆனால் அன்றைக்கு மூன்று கிழமை என்பது அவருக்கு மிகப் பெரிய காலமாகத் தெரிந்தது.

குருவிகள் வந்தன. இரண்டாம் நாளே வல்லூறும் வந்தது.

கடற்கரையில் தோணி வைத்திருக்கும் பஸால் அவருடைய சினேகிதர். அவரிடம் போய்க் கிழிந்த தங்கூசி வலைத்துண்டு ஒன்று கேட்டார். காற்றில் கண்ணுக்கே தெரியாத, மெல்லிய நைலோன் வலை அது.

“எதுக்கு மச்சான்? கோழிக்கூட்டுக்கா?”

“ஓம்,” என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் பொய்.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், வலையைக் கட்டினார். யோசித்துத்தான் கட்டினார். குருவிகள் கொய்யா மரத்தின் மேலிருந்து இறங்குகின்றன. வல்லூறு மதில் பக்கமிருந்து தாழ்வாக வருகிறது. ஆகவே மதிலுக்கும் தட்டுக்கும் நடுவில், வல்லூறு வரும் வழியில் மட்டும் கட்டினால் குருவிகளுக்கு ஒன்றும் ஆகாது. பிடிபட்டால் சாக்கில் போட்டுத் தூரக் கொண்டுபோய் விட்டுவிடலாம். கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஜெனூபாவின் கிளினிக் நாள். நோயாளி வரத் தேவையில்லை. மருந்து எழுதிய கொப்பியைக் கொண்டுபோய் வரிசையில் நின்று மருந்து எடுத்து வரலாம். கிளினிக் நாளில் நஜ்லா லீவு போட்டு உம்மாவோடு இருப்பாள். அந்தச் செவ்வாய் அவளுடைய பாடசாலைக்கு மேலதிகாரிகள் வருவதாக இருந்தது. லீவு கிடைக்கவில்லை.

“நான் ஏழு மணிக்குக் கஞ்சி தீத்திட்டுப் போறன் வாப்பா. அடுத்தூட்டு ராத்தாவ ஒருக்காப் பாக்கச் சொல்லியிரிக்கன். நீங்க கெதியா வந்துருங்க.”

“வந்துருவன் மகள்.”

போகும்போது தட்டில் அரிசி போட்டுவிட்டு, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம். மருந்து எடுத்து, ஓட்டோவில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொன்றரை. அடுத்த வீட்டில் மேல்மாடி கட்டுகிறார்கள். கொங்கிறீட் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மதிலுக்கு மேலால் அந்த வீட்டுப் பெண் கையைக் காட்டி, உரத்துச் சொன்னாள்: “ஒம்பது மணிக்கு எட்டிப் பாத்தன் காக்கா. நல்லா இரிக்கிறா. ஜன்னலத்தான் பாத்துட்டுக் கிடந்தா.”

அவர் அறைக்குள் போகாமல் நேரே முற்றத்துக்குப் போனார். வல்லூறு பிடிபட்டதா என்று பார்க்க ஆசை.

வலையில் ஏழு பறவைகள் இருந்தன. ஐந்து நெல்லுக்குருவிகள், ஒரு மைனா, மிஞ்சியிருந்த மணிப்புறா. வல்லூறு வந்திருக்கிறது. ஆனால் மதில் பக்கமாக வரவில்லை. அன்றைக்கு வேறு பக்கத்தால், வீட்டுக் கூரைக்கு மேலால் வந்திருக்க வேண்டும். அதைக் கண்டு பயந்த குருவிகள் எதிர்ப்பக்கம் பறந்து, நேரே வலைக்குள் பாய்ந்திருக்கின்றன. உதற உதற நூல் கழுத்திலும் செட்டைகளிலும் இறுகியிருந்தது. வல்லூறு மதிலில் ஆறுதலாக இருந்து, வேண்டியபோதெல்லாம் இறங்கி வந்து, வலையோடு சேர்த்துத் தின்றிருக்கிறது. மைனாவில் தலையும் ஒரு செட்டையும்தான் மிச்சம். அவர் வந்தபோதும் வல்லூறு அங்கேதான் இருந்தது. அவரைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் எழும்பிப் போனது.

இரண்டு உயிரோடு இருந்தன. கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டினார். ஒரு குருவி பறந்து போனது. மற்றது அவருடைய உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி, பிறகு நிறுத்திவிட்டது.

அப்போதுதான் அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜெனூபாவின் முகம் முழுதாக வலப்பக்கம் திரும்பியிருந்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடினார். கண்ணீர் வலக் காதுக்குள் ஓடித் தலையணை நனைந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கியிருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கழுத்தை மற்றப் பக்கம் திருப்ப முடியாமல் போனதா, அல்லது அவற்றை விட்டுக் கண்ணை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லையா, அது யாருக்கும் தெரியாது.

“புள்ள... நான்... வல்லூறுக்குத்தான் புள்ள...” என்றார்.

நஜ்லா வருவதற்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவர் வலையை அவிழ்த்து யூரியாப் பையில் திணித்தார். செத்தவற்றை வாழையடியில் புதைத்தார். இறகுகளைக் கூட்டினார். தட்டைக் கழற்றினார். ஜெனூபாவின் முகத்தைத் துடைத்து, தலையணை உறையை மாற்றி, நனைந்ததைத் துவைத்துக் கொடியில் போட்டார். எல்லாம் செய்து முடித்தபோது அங்கே ஒன்றும் நடக்காதது போல இருந்தது. ஜெனூபா மட்டும் கண்ணை மூடாமல் கிடந்தாள்.

“தட்ட ஏன் வாப்பா கழட்டின?” நஜ்லா வந்ததும் கேட்டாள்.

“வல்லூறு உடுதில்ல மகள். அதான்.”

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அன்று மத்தியானம் ஜெனூபா வாயைத் திறக்கவில்லை. இரவும் திறக்கவில்லை. அவர் கொடுத்தாலும் மகள் கொடுத்தாலும் பல்லை இறுக்கிக்கொண்டாள். முகத்தை இடப்பக்கச் சுவருக்குக் கொடுத்துவிட்டாள். ‘கு’ போய்விட்டது. பழைய ‘அ’ கூட இல்லை.

மறுநாள் காலை நஜ்லா கட்டிலின் கால்மாட்டில் இருந்து உம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“உம்மா, நான் நேத்து உங்களத் தனிய உட்டுட்டுப் போனதுக்கா கோவம்? கூப்பிட்டீங்களா உம்மா? ஒருத்தரும் வரல்லயா? என்னால லீவு எடுக்க ஏலாமப் போச்சும்மா...”

ஜெனூபா கண்ணை மூடிக்கொண்டாள். நஜ்லா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மீராமுகைதீன் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டார். ‘மகள், உன்னில ஒண்டுமில்ல, அது நான் செஞ்ச வேலை’ என்று சொல்லச் சரியான நேரம் அதுதான். நாக்கு வரைக்கும் வந்தது. மகள் அழுது முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். அவள் எழும்பி வந்து, “ஒரு ஆறு மாசம் சம்பளமில்லாத லீவு எடுக்கப் போறன் வாப்பா. உம்மாவ இனித் தனிய உடமாட்டன்,” என்றபோதும் சொல்லவில்லை. “ஓம் மகள்” என்றார்.

அப்படியே நாட்கள் போயின. நாலாம் நாள் ஜெனூபா தண்ணீர் குடித்தாள். பிறகு கொஞ்சம் கஞ்சி. ஆனால் அது பசிக்குக் குடித்தது போல இல்லை. கேட்கிறார்களே என்று குடித்தது போல இருந்தது. பயிற்சிக்கு இடம் கொடுக்கவில்லை. நஜ்லா ஒவ்வொரு நாளும் கால்மாட்டில் இருந்தாள். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு விதத்தில் மாப்புக் கேட்டாள். தகப்பன் அந்த நேரங்களில் முற்றத்தைக் கூட்டப் போவார். வல்லூறு ஒரு கிழமை வரை வந்து மதிலில் இருந்தது. வெறும் முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு வரவில்லை. ஆசிரியர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு பகல், நஜ்லா கடைக்குப் போயிருந்தாள். மீராமுகைதீன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அவளுடைய வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம். அவள் பார்க்கும் பக்கம்.

“உனக்குத் தெரியும்,” என்றார். “நான்தான் கட்டினன். அதுகளுக்குப் படும் எண்டு நினைக்கல்ல. சேர் வேணாம் எண்டு சொன்னார், அதையும் கேக்கல்ல. என்ன மன்னிச்சிரு புள்ள.”

தன் வாழ்நாளில் அவர் அவளிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. ஜெனூபா அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு இடக்கையை மெல்ல நகர்த்தி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீருக்காகப் பிடித்தாளா, வேறெதற்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்தாள். குடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அதிலும் ஒன்றும் விளங்கவில்லை.

பங்குனியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு செய்தி வந்தது. அன்று மஃரிபுக்கு முன்னே மையவாடியில் அடக்கினார்கள்.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். “உங்களப் போல ஒரு மனிசன் பெண்சாதியப் பாத்ததில்ல காக்கா. அவக்காகக் குருவிக்கெல்லாம் சாப்பாடு போட்டீங்க. அல்லாஹ் கூலி தருவான்.” பஸால் அழுதார். அவர் வலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கோழிக்கூட்டுக்குக் கொடுத்ததை அவர் எப்போதோ மறந்திருப்பார். மீராமுகைதீன் தலையைக் குனிந்துகொண்டு “ஓம், ஓம்” என்றார். துக்கத்தில் குனிகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்தக் காலை என்ன நடந்தது என்று பார்த்த ஒரே ஆள் ஜெனூபா. அவளால் அதைச் சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது அவளும் இல்லை. இனி யாருக்கும் தெரியவராது என்ற நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னலைப் பூட்டிவிட்டுப் பாயை அறையின் மற்ற மூலைக்கு மாற்றிக்கொண்டார்.

நாற்பது கழிந்து, நஜ்லா லீவை முடித்துக்கொண்டு பாடசாலைக்குத் திரும்பினாள். ஒரு நாள் பின்னேரம் அவள் முன்னறையில் இருந்து இஹ்ஸானோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். மீராமுகைதீன் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்கக் குசினிக்கு வந்தார்.

“இல்லீங்க,” என்று மகளின் குரல் கேட்டது. “என்னில குத்தமில்ல எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தானே தெரியும். அண்டைக்கு நான் போகாம இருந்திருந்தா உம்மா இப்படி ஆகியிரிக்க மாட்டா. என்ன மன்னிக்காமலே போயிட்டா...”

அவர் கோப்பையை வைத்தார். முன்னறை வாசலில் போய் நின்றார். நஜ்லா நிமிர்ந்து பார்த்தாள், போனை வைத்தாள்.

“என்ன வாப்பா?”

“உம்மாக்கு உன்னில கோவமில்ல.”

“அது நீங்க சொல்றது...”

“மகள், கேளு. அண்டைக்கு நான் வலை கட்டியிருந்தன்.”

நின்றபடியே சொன்னார். பஸாலிடம் வலை கேட்டது, ஆசிரியர் வேண்டாம் என்றது, ஏழு பறவைகள், தலையணை உறை, வாழையடி. எதையும் குறைக்கவில்லை. சொல்லும்போது இருமல் வந்தது. நின்று இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

நஜ்லா, “உம்மா எல்லாத்தையும் பாத்தாவா?” என்றாள்.

“ஓம்.”

“கடைசி மட்டும்?”

“ஓம் மகள்.”

“ரெண்டு மாசம் வாப்பா.” அவள் குரல் உயரவில்லை. “ஒவ்வொரு நாளும் அவட காலப் புடிச்சு மாப்புக் கேட்டன். நீங்க முத்தத்தக் கூட்டிட்டு இருந்தீங்க.”

“ஓம்.”

“வல்லூறுக்குக் கட்டினத நான் குத்தம் சொல்லல்ல. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் உம்மாக்குப் பக்கத்துல வேற மாதிரி இருந்திருப்பன். அவ எதுக்கு அழுதா எண்டு தெரிஞ்சிருந்தா அதுக்காவது ஆறுதல் சொல்லியிருப்பன். நான் என்னப் பத்தியே அழுதுட்டு இருந்தன் வாப்பா, அவ செத்துட்டு இருந்த நேரம்.”

அவருக்கு அது அதுவரை தோன்றியிருக்கவில்லை. தன் குற்றம் ஏழு பறவைகளோடும் ஒரு பெண்சாதியோடும் முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

நஜ்லா எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்பது நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சோறு மூன்று வேளையும் மேசையில் மூடியிருக்கும். மீனில் முள் எடுத்து வைத்திருப்பாள், எப்போதும் போல. அவர் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். பத்தாம் நாள் காலை, அவருடைய மூச்சு மருந்து தீர்ந்திருப்பதைக் கண்டு, வாசலில் வந்து நின்றாள்.

“நாளைக்கு உங்கட கிளினிக். லீவு போட்டிரிக்கன். நான் கூட்டிட்டுப் போறன்.”

“நான் தனியப் போவன் மகள்.”

“நான் வாறன்,” என்றாள்.

இருவரும் ஒரே ஓட்டோவில் போனார்கள். காத்திருக்கும் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். வரும் வழியில் அவள் பாடசாலையைப் பற்றி ஏதோ சொன்னாள்; அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது அவர்களுக்குள் கதை இருக்கிறது, தேவையான அளவுக்கு. ஜெனூபாவின் பேச்சு வந்தால் நஜ்லாவின் முகம் மாறிவிடும். இரண்டு பேரில் ஒருவர் எழும்பித் தேநீர் ஊற்றப் போய்விடுவார். இஹ்ஸான் அடுத்த வருஷம் திரும்பி வரும்போது பின்பக்கத்தை இடித்து இன்னோர் அறை கட்ட இருப்பதாகச் சொன்னான். மீராமுகைதீன் மறுப்புச் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தில் ஜன்னல் வைப்பது என்று அவன் போனில் கேட்டான். உங்களுக்கு விருப்பப்பட்ட பக்கம் வையுங்கள் மருமகன் என்று சொல்லிவிட்டு, போனை மகளிடம் கொடுத்தார்.